மூடிய பையும் மழலை மனமும்

 

எதையேனும் தேடிச் சேர்ப்பது குழந்தைகளின் இயல்பு. தீப்பெட்டிப் படம், தபால்தலை, கிளிஞ்சல், கோலிக்குண்டு, பேருந்துச் சீட்டு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொன்றைச் சேர்த்தே வளர்ந்திருக்கிறது. இன்றைய பிள்ளைகளின் கையில் கட்டைவிரல் உயரமே உள்ள விலங்குப் பொம்மைகள் இருக்கின்றன. பொம்மை புதிதன்று, அது விற்கப்படும் விதம்தான் புதிது. உள்ளே இருப்பது யானையா, முயலா, நரியா என்று தெரியாதபடி, ஒளி புகாத உறையில் ஒட்டி மூடி விற்கிறார்கள். வாங்கிக் கிழித்த பிறகே தெரியும். 'பிளைண்ட் பேக்' என்றும் 'சர்ப்ரைஸ் பை' என்றும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கும் இந்த மூடிய பையைப் பற்றி எழுத ஒரு மடல் காரணமாயிற்று. வடசென்னை பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்:

"என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. ஓராண்டாக இருவரும் மூடிய பைகளில் வரும் விலங்குப் பொம்மைகளைச் சேர்க்கிறார்கள். ஒரு பை நூறு ரூபாய். நோன்புப் பெருநாளன்று உறவினர் கொடுத்த பெருநாள் காசு முழுவதும் பத்தே நாளில் இதற்குப் போய்விட்டது. தொகுதியில் பன்னிரண்டு விலங்குகள் என்று உறையின் பின்புறம் படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் அலமாரியில் இப்போது நாற்பத்திரண்டு பொம்மைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒரே முயல் ஏழு. ஆனால், வெள்ளைப் புலி மட்டும் வரவேயில்லை. சென்ற வாரம் மகன் அவன் அத்தாவின் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துவிட்டான். 'உருவங்கள் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்கள். இந்த முசீபத்தால்தான் பிள்ளை கெட்டான். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டு' என்கிறார் என் மாமியார். 'பிள்ளைகள் விளையாட்டு, பெரிதுபடுத்தாதே' என்கிறார் கணவர். மகள் இரண்டு நாளாக நன்னிமாவுடன் பேசவில்லை. நான் எதைச் செய்வது?"

சகோதரியின் மடலில் மூன்று கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் பொம்மை சேர்ப்பது தவறா என்பது ஒன்று. மூடிய பையை வாங்குவது சரியா என்பது மற்றொன்று. பிள்ளை எடுத்த பணத்துக்கு என்ன செய்வது என்பது மூன்றாவது. மாமியார் மூன்றுக்கும் சேர்த்து 'குப்பை' என்கிறார். கணவர் மூன்றுக்கும் சேர்த்து 'விளையாட்டு' என்கிறார். முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் இருவர் சொல்லிலும் பாதி நியாயம் இருப்பது புலப்படும்.

பற்பசைப் பெட்டியில் வந்த விலங்கு

சிறிய விலங்குப் பொம்மைகளைச் சேர்க்கும் வழக்கம் நம் ஊர்களுக்கு இன்று வந்ததன்று. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்போர் 'பினாக்கா' என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்வதைக் காணலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சீபா நிறுவனத்தின் பற்பசை அது. 1952-இல் ரேடியோ சிலோனில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியும், அதை நடத்திய அமீன் சயானியின் குரலும் அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. ஆனால், குழந்தைகளுக்கு அதன் பெருமை பாட்டிலும் இல்லை, பற்பசையிலும் இல்லை. அட்டைப் பெட்டியைத் திறந்தால் குழாயுடன் ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் விலங்கு விழும். அதுதான் பெருமை.

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் அக்காலத்தில் ரயில்வே ஊழியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்திருந்தனர். 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒரு புறம். பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை மறு புறம். மாதச் சம்பளம் வந்ததும் மளிகைப் பட்டியலில் பற்பசை ஒன்று எழுதப்படும். அது வீட்டுக்கு வந்ததும் பெட்டியை யார் திறப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். அப்போதும் உள்ளே என்ன விலங்கு என்று முன்கூட்டித் தெரியாதுதான். எனினும் அந்தப் பெட்டிக்கும் இன்றைய பைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று தகப்பனார் கொடுத்த காசு பற்பசைக்கு உரியது. விலங்கு எதுவாயினும் பற்பசை குறையப் போவதில்லை. அடுத்த விலங்கு வேண்டுமென்றால் வீட்டார் பல் துலக்கி அந்தக் குழாய் தீர வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். சிங்கம் வேண்டும் என்பதற்காக ஒரே நாளில் பத்துக் குழாய் வாங்கியவர் எவருமிலர். ஆகவே, இல்லாததைப் பெறப் பிள்ளைகளுக்கு இருந்த வழி ஒன்றே: அடுத்த வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்வது. இரண்டு மான் கொடுத்து ஓர் ஒட்டகம் வாங்குவதில் பேரமும் நட்பும் கணக்கும் ஒருங்கே கற்றனர்.

பிற நாடுகளிலும் இத்தகைய வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் வேட் என்னும் மட்பாண்ட நிறுவனம் செய்த குட்டிப் பீங்கான் விலங்குகளை, 'ரெட் ரோஸ்' தேயிலைக்காரர்கள் 1967 முதல் கனடாவில் தங்கள் தேயிலைப் பொதிகளில் வைத்துக் கொடுத்தார்கள்; 1983 முதல் அமெரிக்காவிலும் கொடுத்தார்கள். அங்கும் விலை தேயிலைக்குத்தான், விலங்கு அன்பளிப்பு.

பண்டமே மறைந்த கதை

அன்பளிப்பாக இருந்தது எப்படி விற்பனைப் பண்டமாயிற்று என்பதையும் சற்றுப் பார்ப்போம். 1965 அளவில் ஜப்பானில், நாணயம் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக் குப்பி ஒன்று விழும் இயந்திரங்கள் அறிமுகமாயின. குப்பிக்குள் ஒரு சிறு பொம்மை இருக்கும். எது என்று தெரியாது. கைப்பிடி எழுப்பும் ஓசையையும் குப்பி விழும் ஓசையையும் கொண்டு அதைக் 'காச்சாபோன்' என்று அழைத்தார்கள். 1974-இல் இத்தாலியின் ஃபெரேரோ நிறுவனம் சாக்லேட் முட்டைக்குள் பொம்மை வைத்து விற்றது. அதில் தின்பதற்காவது ஏதோ இருந்தது. 2010-இல் லெகோ நிறுவனம் தன் சிறு மனித உருவங்களை மூடிய பைகளில் விற்கத் தொடங்கியது. தின்பண்டமும் இல்லை, பற்பசையும் இல்லை. மறைக்கப்பட்ட பொம்மையே பண்டமாயிற்று.

அதே 2010-இல் சீனாவில் தொடங்கப்பட்ட பாப் மார்ட் நிறுவனம் இதனைப் பெரியவர்களின் மோகமாகவும் மாற்றியது. காசிங் லங் என்னும் ஓவியர் 2015-இல் படைத்த 'லபுபு' என்ற பல் தெரியச் சிரிக்கும் உருவம், மூடிய பெட்டிகளில் விற்கப்பட்டு உலகெங்கும் பரவியது. 2025 ஜூன் மாதம் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு விலைபோனது. நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்! சீன அரசே 2023-இல் வகுத்த நெறிமுறையில், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூடிய பெட்டிகளை விற்கலாகாது என்றும், எட்டு வயதுக்கு மேற்பட்ட சிறார்க்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்றும் குறிப்பிட்டுள்ளது. தயாரிக்கும் நாடே தன் பிள்ளைகளை எண்ணி எச்சரிக்கை கொள்கிறது என்பது நாம் கவனிக்கத் தக்கது.

ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பொம்மை வேண்டுமென்றால் பெரம்பூர்ப் பிள்ளைகள் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாருக்குப் போக வேண்டும். அல்லது வளைகுடாவிலிருந்து மாமா வர வேண்டும். இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் வாசலுக்கே வந்துவிடுகிறது. அதற்கு முன்பே, யாரோ ஒருவர் பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து வியந்து கூவும் காட்சிகளை யூடியூபில் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். ஆசை விதைக்கப்பட்ட பின்புதான் பை வருகிறது.

வெள்ளைப் புலி ஏன் வரவில்லை?

'நாற்பத்திரண்டு வாங்கியும் வரவில்லையே, ஏமாற்றுகிறார்களோ?' என்று சகோதரிக்கு ஐயம் எழுந்திருக்கலாம். ஏமாற்று எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும். பள்ளிக்கூடக் கணக்கே இதைக் காட்டிவிடும். மகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டு விலங்குகளும் சம எண்ணிக்கையில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பையில் எது வந்தாலும் புதியதே. ஆறு விலங்குகள் சேரும் வரை வேகமாக நடக்கும். சராசரியாக எட்டுப் பைகள் போதும். பிள்ளை 'இன்னும் ஆறுதானே, இன்னும் எட்டுப் பையில் முடிந்துவிடும்' என்று எண்ணும். ஆனால், வீட்டில் விலங்குகள் பெருகப் பெருக, வந்ததே மீண்டும் வரும் வாய்ப்பும் பெருகுகிறது. எஞ்சிய ஆறைச் சேர்க்கச் சராசரியாக இருபத்தொன்பது பைகள் வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரி பன்னிரண்டு பைகள்! ஆக, முழுத் தொகுதிக்குச் சராசரி 37 பைகள். இது சராசரிதான். 42 பைகள் வாங்கிய நூறு வீடுகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏறக்குறைய 28 வீடுகளில் ஏதேனும் ஒரு விலங்காவது இன்னும் வந்திராது. சகோதரியின் இல்லம் அந்த இருபத்தெட்டில் ஒன்று.

இனி விலையைப் பாருங்கள். பன்னிரண்டு பொம்மைகளையும் திறந்து வைத்து, ஒன்று நூறு ரூபாய் என்று விற்றால் 1,200 ரூபாயில் தொகுதி முடிந்துவிடும். மூடி விற்பதால் சராசரியாக 3,700 ரூபாய் ஆகிறது. இடையிலுள்ள 2,500 ரூபாயும் பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கப்பட்ட ஒன்றுக்காகக் கொடுக்கப்படும் விலை. அந்தப் பணத்துக்கு வீட்டில் வந்து சேர்வது ஏழு முயல்களே.

இன்னொன்றும் உண்டு. சில தொகுதிகளில் எல்லாம் சம அளவில் இருப்பதில்லை. 'இரகசிய உருவம்' என்று ஒன்றை வைத்து, 144 பெட்டிகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் கலப்பதுண்டு. '144 வாங்கினால் நிச்சயம் கிடைக்கும்' என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அதுவும் தவறு. ஆளுக்கு 144 பெட்டிகள் வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு அது கிடைத்திராது.

புறாவும் பொத்தானும்

இவ்வளவு நட்டம் இருந்தும் பிள்ளை ஏன் நிறுத்துவதில்லை? அமெரிக்க உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றுவிட்டால் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல், சில முறை விழுந்தும் சில முறை விழாமலும் பழகிய புறாவோ, ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்தும். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் இவற்றைத் தொகுத்து 1957-இல் நூலாக வெளியிட்டார்கள். சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்தவன் எழ மாட்டாமல் இருப்பதும் இதே விதியால்தான்.

எட்டு வயதுப் பிள்ளையின் மனம் பேராசையால் இழுக்கப்படவில்லை; 'அடுத்த பையில் இருக்கும்' என்ற எதிர்பார்ப்பால் இழுக்கப்படுகிறது. பெரியவர்களே இந்த எதிர்பார்ப்பில் குடும்பங்களை இழந்தார்கள் என்பதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். வடசென்னையின் தெருமுனைகளில் லாட்டரிச் சீட்டுத் தோரணங்கள் தொங்கிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனையைத் தடை செய்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்ட தாய்மார்கள் பலர். மூடிய பை லாட்டரி அன்று. அதில் ஏதேனும் ஒரு பொம்மை உறுதியாக வருகிறது. ஆயினும் வாங்கத் தூண்டும் உணர்வு இரண்டிலும் ஒன்றே.

மார்க்கம் காட்டும் வழி

மாமியார் எழுப்பிய கேள்வியை அலட்சியம் செய்தல் கூடாது. உருவங்களைப் பற்றிய எச்சரிக்கை நபிமொழிகளில் உண்டு. அதே நபிமொழிகளில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்துத் தோழியருடன் விளையாடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததோடு தோழியரை விளையாட அனுப்பி வைத்ததும் பதிவாகியுள்ளன. அன்னையின் பொம்மைகளுக்கு நடுவே சிறகுள்ள குதிரை ஒன்றைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) வினவியதும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை விடை சொன்னதும், அது கேட்டு நாயகம் (ஸல்) வாய்விட்டுச் சிரித்ததும் அபூதாவூதில் காணக் கிடைக்கின்றன. ஆஷூரா நோன்பு நோற்ற சிறுவர்கள் பசியால் அழுதபோது, கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து ஸஹாபாப் பெண்மணிகள் ஆற்றினார்கள் என்பதும் அறிவிப்பில் உண்டு. இவற்றைக் கொண்டு, சிறார் விளையாடும் பொம்மைகளுக்கு அறிஞர்கள் பலர் விலக்கு அளித்துள்ளனர். கடுமையான கருத்துடையோரும் உளர். அலமாரியில் அலங்காரமாக நிறுத்தி வைப்பதும், விளையாடிவிட்டுப் பெட்டியில் எடுத்து வைப்பதும் ஒன்றல்ல என்ற கருத்தும் உண்டு. தீர்ப்புச் சொல்வது இப்பகுதியின் பணியன்று. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பொம்மைகளை அலமாரியிலிருந்து ஒரு மூடியுள்ள பெட்டிக்கு மாற்றினால், மாமியாரின் உள்ளமும் நோகாது. பேத்தியின் உள்ளமும் நோகாது.

நம் இல்லங்களில் உருவத்தைப் பற்றி இவ்வளவு விவாதிக்கிறோம். வாங்கும் முறையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இஸ்லாத்திற்கு முந்திய அரபுச் சந்தையில் வழங்கிய சில வணிகங்களை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மடித்த துணியை விரிக்காமல், கையால் தொட்டதும் வணிகம் முடிந்தது என்பது அவற்றுள் ஒன்று. 'முலாமஸா' என்பது அதன் பெயர். கல்லை எறிந்து, அது எந்தத் துணியின் மீது விழுகிறதோ அதையே இந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. பண்டம் இன்னதென்று அறியாமல் நடக்கும் வணிகத்தைக் 'கரர்' என்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. தண்ணீருக்குள் இருக்கும் மீனையும், வானில் பறக்கும் பறவையையும் விற்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். இன்றைய கடையில் ஒரு பிள்ளை மூடிய பையை எடுத்து, விரலால் அழுத்தி அழுத்தி, 'காது நீளமாக இருக்கிறது, முயல்தான். இது வேண்டாம்' என்று சோதிப்பதைப் பார்த்தால் அந்தப் பழைய துணிச் சந்தை நினைவுக்கு வராமற் போகாது. விற்பவனும் வாங்குபவனும் பண்டத்தைக் கண்ணால் கண்டு, மனம் ஒப்பி, விலை பேசுவதே நேர்மையான வணிகம் என்னும் பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லித் தர இதைவிட எளிய சான்று கிடைக்காது.

எடுத்த இருநூறு ரூபாய்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளையைத் 'திருடன்' என்று அழைக்காதீர்கள். அதிலும் உறவினர் முன் அழைக்காதீர்கள். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் பிறகு கழுவ முடியாது. அதற்காக, 'விளையாட்டு' என்று தட்டிக் கழிக்கவும் கூடாது. எடுத்தது குற்றம் என்பதை அவன் உணர வேண்டும். தாயும் தகப்பனும் மட்டும் அவனோடு தனியே அமருங்கள். இருநூறு ரூபாய் ஈட்ட அத்தா எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்பதை அவரே சொல்லட்டும். பிறகு, அந்தத் தொகையைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தர வழி செய்யுங்கள். வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு, இருபது வாரம் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். கடைசி வாரம் கணக்கு முடிந்ததும் அந்தத் தாளை அவன் கண்ணெதிரே கிழித்துவிடுங்கள். அதன் பின் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. கடன் தீர்ந்தது என்று ஒரு பிள்ளை நெஞ்சாரச் சொல்லிக்கொள்ள முடிந்தால், அது ஆயிரம் அடிக்கு மேலான பாடம்.

இல்லத்தில் செய்யக்கூடியவை

இத்தகைய பழக்கம் பரவி வரும் இல்லங்களுக்குச் சில யோசனைகள்:

1. பொம்மைகளை எறியாதீர்கள். பிள்ளை ஓராண்டு சேர்த்ததை ஒரு நாளில் குப்பையில் கொட்டினால், அவன் கற்பது மார்க்கமன்று. வலியவர் எளியவருடைய பொருளை அழிக்கலாம் என்பதையே கற்பான். சேர்ந்தவை இருக்கட்டும், மூடிய பை இனி இல்லை என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவை மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டிய பின் அறிவியுங்கள்.

2. வேண்டியதைத் திறந்த நிலையில் வாங்கலாம். எந்த விலங்கு என்று கண்ணால் பார்த்து, விலை கேட்டு, தன் சேமிப்பிலிருந்து பிள்ளையே கொடுக்கட்டும். ஒரு வெள்ளைப் புலிக்கு இருநூறு ரூபாயே ஆனாலும் பன்னிரண்டு பைகளைவிட மலிவு.

3. மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை மீட்டெடுங்கள். தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளிடம் இதே தொகுதி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர்களை அழைத்து, ஒரு தட்டு சுண்டல் வைத்து, உபரியானவற்றை மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். ஏழு முயல்களில் ஆறு விடைபெற்றுவிடும். விருப்பமின்றி மாற்றியதைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

4. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். கட்டைவிரலளவு பொம்மையும் அதன் உதிரிப் பாகமும் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக் கூடும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையில்லாத பையைக் கண்டால் வாங்காதீர்கள்.

5. பொம்மையிலிருந்து உயிருள்ள விலங்கை நோக்கிப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். சென்னையின் உயிரியல் பூங்கா 1855-இல் தொடங்கியது. மூர் மார்க்கெட்டை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் அது இருந்தவரை பெரம்பூருக்கு ரயிலில் மிக அருகில் இருந்தது. 1985-இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்த பின்னும் எட்டாத் தொலைவன்று. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பூங்கா நிலையத்தில் செங்கற்பட்டு வண்டி பிடித்தால் வண்டலூர் சேரலாம். அங்கே வெள்ளைப் புலிகளே வளர்க்கப்பட்டு வருகின்றன. வெள்ளைப் புலி தனி இனமன்று, வங்கப் புலியின் நிற வேறுபாடே என்பதையும், 1951-இல் ரேவா மன்னர் பிடித்து வளர்த்த 'மோகன்' என்னும் குட்டியின் வழியில் வந்தவையே இன்று பல பூங்காக்களில் உள்ளன என்பதையும் போகும் வழியில் சொல்லுங்கள்.

6. சிறு உருவங்களின் மேல் ஈடுபாடுள்ள பிள்ளைக்கு அதைச் செய்யும் கலையையும் காட்டுங்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலை 2002-இல் புது ஆவடி சாலையில் அமைத்த ரயில் அருங்காட்சியகத்தில், பெட்டிகளின் சிறு மாதிரிகள் நுணுக்கமாகச் செய்து வைக்கப்பட்டுள்ளன. பெங்களூர் – மைசூர் வழியிலுள்ள சென்னப்பட்டணத்தில் வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் பொம்மைத் தொழில், திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்துத் தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. களிமண்ணோ மாவோ பிசைந்து தன் கையால் ஒரு விலங்கைச் செய்யும் பிள்ளைக்கு, கடையில் மூடிக் கிடக்கும் விலங்கின் மேல் மயக்கம் குறைவதைக் காண்பீர்கள்.

சேர்ப்பது நல்ல குணம். ஒரு பொருளை உற்று நோக்கவும், இனம் பிரிக்கவும், பழுதின்றிப் பேணவும், இல்லாததற்காகப் பொறுத்திருக்கவும் அது கற்பிக்கிறது. தபால்தலை சேர்த்த பிள்ளை நாடுகளைத் தெரிந்துகொண்டது; கிளிஞ்சல் சேர்த்த பிள்ளை கடலைத் தெரிந்துகொண்டது. மூடிய பை இந்தக் குணத்தில் பொறுமையை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவசரத்தை வைக்கிறது. தாய்மார்களாகிய நாம் செய்ய வேண்டியது அந்தப் பொறுமையைத் திரும்ப வைப்பதே. இந்தப் பெருநாளில் பிள்ளைகளின் கையில் காசைக் கொடுக்கும்போது, 'பார்த்து வாங்கு' என்று வழக்கமாகச் சொல்வோம் அல்லவா? அந்த இரண்டு சொற்களையும் இம்முறை சற்று அழுத்திச் சொல்லுங்கள். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், மீண்டும் சந்திப்போம்.